அறிக்கையிலிருந்து உருவப்பட்ட பக்கங்கள்

சுற்றுச்சூழலுக்கும் ஊழியர்களுக்கும் என்ன செய்கிறோம் என்று ஒரு பெரிய நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் நிலைத்தன்மை அறிக்கை கைக்கு வந்தால், சென்ற ஆண்டின் அறிக்கையையும் அதையும் திரையில் அருகருகே திறந்து வைத்து, அங்கே இருந்து இங்கே இல்லாமற்போன வரிகளைத் தேடுவதுதான் என் முதல் வேலை. புதிதாகச் சேர்த்தவற்றை நிறுவனமே வண்ணப் படம் போட்டுக் காட்டிவிடும். எடுத்தவற்றை நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஏற்றுமதியாளர்களுக்காக வெளிநாட்டுக் கொள்முதலாளர்களின் நிபந்தனைகளைப் படித்து, அவற்றுக்கான கணக்குகளைச் சரிபார்க்கும் தொழிலில் இருப்பதால், அமெரிக்க நிறுவனங்களின் அறிக்கைகளை ஆண்டுதோறும் இப்படி வாசிக்க நேர்கிறது. அண்மைய அறிக்கைகளில், "2030-க்குள்" என்று தொடங்கிய வாக்கியங்கள் மெலிந்திருக்கின்றன. மேலாளர் பதவிகளில் பெண்கள் எத்தனை பேர், கறுப்பினத்தவர் எத்தனை பேர் என்ற அட்டவணையைப் பல இடங்களில் காணவில்லை. பெண்களையும் பல இனத்தவரையும் வேலையில் சேர்ப்பதைக் குறிக்கும் 'பன்முகத்தன்மை' இருந்த இடத்தில் 'அனைவருக்குமான பணியிடம்' என்ற வழுவழுப்பான சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இந்தப் பன்முகத்தன்மை வாக்குறுதிகளில் பெரும்பகுதி ஒரே பருவத்தில் முளைத்தவை. 2020 மே 25 அன்று மின்னியாபொலிஸ் நகரில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரின் முழங்காலுக்கடியில் உயிரிழந்தபின், நிறுவனங்கள் வரிசைகட்டி நின்று உறுதிமொழி கொடுத்தன. அதே நகரைத் தலைமையிடமாகக் கொண்ட டார்கெட் என்ற கடைத்தொடர், 2025-ஆம் ஆண்டு முடிவதற்குள் கறுப்பினத்தவர் நடத்தும் தொழில்களில் 200 கோடி டாலர் செலவிடுவதாக அறிவித்தது. வால்மார்ட் இனச் சமத்துவத்துக்கென ஒரு மையத்தை அமைத்து, ஐந்து ஆண்டுகளுக்கு 10 கோடி டாலர் ஒதுக்கியது. அந்த மையத்தைத் தொடரப்போவதில்லை என்று 2024 நவம்பரில் வால்மார்ட் தெரிவித்தது. 2025 ஜனவரி 24 அன்று டார்கெட் தன் பன்முகத்தன்மை இலக்குகளை முடித்துக்கொண்டது. இடையில் மெக்டொனால்ட்ஸும் மெட்டாவும் அதே மாதத்தில் பின்வாங்கியிருந்தன.

இதையெல்லாம் கோழைத்தனம் என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுவது எளிது. கையொப்பத்தின் கனம் அறிந்தவன் என்ற முறையில் என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. 2025 ஜனவரி 21 அன்று அதிபர் டிரம்ப் பிறப்பித்த 14173-ஆம் எண் ஆணை, கூட்டாட்சி அரசின் ஒப்பந்தங்களைப் பெறும் நிறுவனங்கள் 'பாகுபாட்டுத் தடைச் சட்டங்களை மீறும் பன்முகத்தன்மைத் திட்டம் எதையும் நாங்கள் நடத்தவில்லை' என்று சான்றளிக்க வேண்டும் என்கிறது. எது மீறும் திட்டம், எது மீறாத திட்டம் என்று அந்த ஆணை வரையறுக்கவில்லை. சான்றிதழ் பொய்யென்று பின்னால் முடிவானால், உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1863-இல் இயற்றப்பட்ட, பொய் சொல்லி அரசிடம் பணம் பெறுவோருக்கு எதிரான பொய்க் கோரிக்கைச் சட்டம் பாயும். அதில் அரசுக்கு நேர்ந்த இழப்பைப்போல மூன்று மடங்கு கட்ட வேண்டியிருக்கும். இத்தனைக்கும், வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இனத்தைக் கருத்தில்கொண்டு மாணவர்களைச் சேர்ப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் அளித்த தீர்ப்பும் பல்கலைக்கழகங்களைப் பற்றியதே. சட்டம் இருந்தபடியே இருக்க, அதை மீறியதாகக் குற்றஞ்சாட்டப்படும் அபாயத்தின் விலை மட்டும் ஏறிவிட்டது. நூறு ஒப்பந்தங்களை வைத்திருக்கும் நிறுவனத்தின் சட்டப்பிரிவுத் தலைவர் என்ன ஆலோசனை சொல்வார் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

ஆனால் எல்லாப் பின்வாங்கலுக்கும் இந்தச் சமாதானம் செல்லாது. டென்னசி மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட டிராக்டர் சப்ளை என்ற நிறுவனம், விவசாயிகளுக்கும் கால்நடை வளர்ப்போருக்கும் தீவனமும் வேலிக்கம்பியும் விற்கும் கடைத்தொடர். 2024 ஜூன் மாதத் தொடக்கத்தில் ராபி ஸ்டார்பக் என்ற பழமைவாத ஆர்வலர் சமூக ஊடகத்தில் அதன்மீது பிரசாரத்தைத் தொடங்கினார். அப்போது டிரம்ப் பதவியில் இல்லை, ஆணையும் இல்லை. மூன்றே வாரத்தில், ஜூன் 27 அன்று, பன்முகத்தன்மைக்கான பணியிடங்களையும் இலக்குகளையும் நீக்குவதாக நிறுவனம் அறிவித்தது. அதே அறிக்கையில், கார்பன் உமிழ்வைக் குறைக்கும் இலக்குகளையும் திரும்பப் பெற்றுக்கொண்டு, இனி நிலம், நீர்ப் பாதுகாப்பில் கவனம் செலுத்துவதாகச் சொன்னது. ஊழியர் தேர்வுக்கும் கார்பன் கணக்குக்கும் என்ன தொடர்பு என்று அன்று நான் வெகுநேரம் யோசித்தேன். வாசகரின் கைதட்டலுக்காக அவை இரண்டும் ஒரே பளபளப்பான அறிக்கையில் அச்சாகியிருந்தன என்பதைத் தவிர வேறு தொடர்பு எனக்குத் தெரியவில்லை. கைதட்டல் வசையாக மாறியதும் இரண்டையும் சேர்த்தே கிழித்துவிட்டார்கள். அடுத்த சில மாதங்களில் ஜான் டியர், ஹார்லி டேவிட்சன், லோஸ், ஃபோர்டு என்று அதே வழியில் நடந்தவர்களின் பட்டியல் நீண்டது.

வங்கிகளின் கதை சற்று வேறு. 2021 ஏப்ரலில் 43 வங்கிகள் சேர்ந்து தொடங்கிய நிகர பூஜ்ஜிய வங்கிக் கூட்டணி, 2050-க்குள் தாங்கள் கொடுக்கும் கடன்களின் உமிழ்வுக் கணக்கை நிகர பூஜ்ஜியத்துக்கு, அதாவது வெளியிடும் கார்பனும் அகற்றும் கார்பனும் சமமாகும் நிலைக்கு, கொண்டுவருவதாக உறுதி கூறியது. நிறுவனங்கள் கூடிப் பேசி எண்ணெய், நிலக்கரித் தொழிலுக்குப் பணத்தை மறுப்பது சந்தைப் போட்டிச் சட்டத்துக்கு எதிரான கூட்டுச்சதி என்று குடியரசுக் கட்சி ஆளும் மாநிலங்கள் வாதிடத் தொடங்கின. 2024 நவம்பரில் டெக்சாஸ் தலைமையில் 11 மாநிலங்கள் பிளாக்ராக், வேன்கார்டு, ஸ்டேட் ஸ்ட்ரீட் ஆகிய மூன்று முதலீட்டு நிறுவனங்கள்மீது வழக்கே தொடுத்தன. டிசம்பரில் கோல்ட்மன் சாக்ஸ் கூட்டணியைவிட்டு வெளியேறியது. ஏறக்குறைய ஒரு மாதத்தில், டிரம்ப் பதவியேற்கும் முன்பே, அமெரிக்காவின் ஆறு பெரிய வங்கிகளும் வெளியே இருந்தன. 2025-இல் ஹெச்எஸ்பிசி, பார்க்லேஸ் என ஐரோப்பாவும் தொடர, அக்டோபரில் கூட்டணி தன் செயல்பாட்டையே நிறுத்திக்கொண்டது. எங்கள் சொந்த இலக்குகள் அப்படியே இருக்கின்றன என்று வெளியேறிய வங்கிகள் பலவும் சொல்கின்றன. இருக்கலாம். ஆனால் பொதுவான அளவுகோல் போய்விட்டது. இனி ஒவ்வொரு வங்கியும் தன் முழத்தைக்கொண்டு தன்னையே அளந்துகொள்ளும்.

அரசியல்மீதே எல்லாப் பழியையும் போடுவதும் சரியாகாது. 2030-க்குள் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 சதவீதம் குறைப்பதாக 2020-இல் சொன்ன பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனமான பிபி, 2023-இல் அதை 25 சதவீதமாக்கி, 2025 பிப்ரவரியில் முற்றிலும் கைவிட்டதற்குப் பின்னால் இருந்தது பெரும்பாலும் பங்குவிலையைப் பற்றிய முதலீட்டாளர்களின் நெருக்கடி. மறுபுறம், பன்முகத்தன்மைக் கொள்கையால் வரும் அபாயங்களை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும் என்ற தீர்மானத்தை அமெரிக்கக் கடைத்தொடரான காஸ்ட்கோவின் பங்குதாரர்கள் 2025 ஜனவரியில் 98 சதவீதத்துக்கும் கூடுதலான வாக்குகளால் தள்ளுபடி செய்தார்கள். ஆணை வெளிவந்து இரண்டு நாள்கூட ஆகாத நேரம் அது.

என்னிடம் பயிற்சிக்கு வரும் இளைஞர்களிடம், ஒரு வாக்குறுதியின் ஆயுளை அறிய அது எந்த ஆவணத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள் என்பேன். இணையதளத்தின் ஓரத்தில் இருப்பதை ஒரு மாலைப்பொழுதில் நீக்கிவிடலாம். பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் தாக்கல் செய்த ஆண்டறிக்கையில் இருந்தால் நீக்கும்முன் ஒரு வழக்கறிஞராவது யோசிப்பார். தலைமை அதிகாரியின் ஊக்கத்தொகையோடு கட்டப்பட்டிருந்தால் அதை அவிழ்க்க இயக்குநர் குழு கூட வேண்டும். 'இலக்கு' என்ற சொல் 'விழைவு' ஆகியிருக்கிறதா, ஒப்பீட்டுக்கான அடிப்படை ஆண்டு சத்தமின்றி இடம் மாறியிருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். சட்டம் கேட்கும் கணக்கு மட்டும் அரசியல் காற்றில் அவ்வளவு எளிதாகப் பறப்பதில்லை. காலநிலை வெளிப்படுத்தல் விதிக்காக வாதாடுவதை அமெரிக்காவின் ஆணையம் 2025 மார்ச்சில் நிறுத்திக்கொண்டாலும், கலிபோர்னியாவில் தொழில் செய்யும், ஆண்டு வருவாய் 100 கோடி டாலரைத் தாண்டும் நிறுவனங்களிடம் உமிழ்வுக் கணக்கைக் கேட்கும் மாநிலச் சட்டம் நிற்கிறது. நம் நாட்டில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்களிடம் உமிழ்வு முதல் பெண் ஊழியர் எண்ணிக்கை வரை கட்டாயமாகக் கேட்கிறது. அதனால் வாஷிங்டன் காற்றுக்கு அஞ்சி அங்கே எதையும் எடுத்துவிட முடியாது.

சென்ற ஆண்டு திருப்பூரில், பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒருவர் தன் அமெரிக்க பையர் அனுப்பிய புதிய படிவத்தை என்முன் வைத்தார். பெண் சூப்பர்வைசர்கள் எத்தனை பேர், சூரிய மின்சாரம் எத்தனை யூனிட் என்ற கேள்விகள் அதில் இல்லை. அந்தக் கேள்விகளுக்காகவே இரண்டு ஆண்டுகளுக்கு முன் கடன் வாங்கிக் கூரை முழுக்கப் பேனல் போட்டவர் அவர். "சார், அப்போ போட்டதெல்லாம் தண்டமா?" என்றார். மின் கட்டண ரசீதுகளை எடுத்துவரச் சொன்னேன். பேனலுக்கு முந்தைய மாதங்களையும் பிந்தைய மாதங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தோம். மாதத் தவணையைக் கட்டியபின்னும் மிச்சம் நின்றது. அதற்கு அவரிடம் மறுபேச்சு இல்லை. பெண் சூப்பர்வைசர்களைப் பற்றிக் கேட்டேன். லைனில் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்கள் வந்தபின் ஆட்கள் வேலையைவிட்டு நிற்பது குறைந்திருக்கிறது, அவர்களை எதற்கு மாற்றுவது என்றார். பதிவேட்டைப் பழையபடியே எழுதிவரச் சொல்லிவிட்டு, படிவத்தை மறுபடி புரட்டினேன். கேள்விகளை எடுத்தவர்கள் பக்க எண்களைத் திருத்த மறந்திருந்தார்கள். 14-ஆம் பக்கத்துக்கு அடுத்து 19 இருந்தது.