"எல்லாம் புரியும், பேசத்தான் மாட்டான்"

பேச்சு வரவில்லை என்று குழந்தையை அழைத்து வரும் பெற்றோரில் பெரும்பாலோர் இதைத்தான் முதலில் சொல்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைப்பதில்லை. ஆனால் ஸ்பீச் தெரபிஸ்டாக நான் முதலில் சோதிப்பது அந்த வாக்கியத்தின் முன்பாதியைத்தான்.

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, வண்டிச் சாவியைக் கையில் எடுத்தபடி "வா, கடைக்குப் போகலாம்" என்கிறார். குழந்தை ஓடி வருகிறது. சொல்லைக் கேட்டு வந்ததா, சாவியைப் பார்த்து வந்ததா? குழந்தைகள் கெட்டிக்காரர்கள். நம் கண் போகும் திசை, கையில் உள்ள பொருள், தினமும் அதே நேரத்தில் நடக்கும் வேலை ஆகியவற்றை வைத்தே பாதி நாளை ஓட்டிவிடுவார்கள். எனவே கை காட்டாமல், அந்தப் பக்கம் பார்க்காமல், வழக்கத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லிப் பாருங்கள்: "கரண்டியைத் தலையணைக்கு அடியில் வை." மூன்று வயதுக் குழந்தை இது என்ன கூத்து என்று சிரித்தபடி வைத்துவிடும். கரண்டியை வாங்கி உங்களிடமே திருப்பி நீட்டினால், அந்தக் குழந்தையைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், நன்றாகப் புரிந்துகொண்டு, விரலால் சுட்டிக்காட்டி, பேச்சில் மட்டும் பின்தங்கும் இரண்டு வயதுக் குழந்தைகளில் பலர் தாமாகவே எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். புரிதலிலும் பின்தங்கிய குழந்தைகளுக்கு அந்த வாய்ப்பு குறைவு. வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். இரண்டு வயதில் ஐம்பது சொற்கள் இல்லையென்றாலோ, "அம்மா வா", "பால் வேணும்" போன்ற இரண்டு சொல் தொடர்கள் வரவில்லையென்றாலோ காத்திருக்காமல் காட்டிவிடுங்கள். "அவன் அப்பாவும் நாலு வயதில்தான் பேசினார்" என்று பாட்டி ஆறுதல் சொல்வார். குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்தால் சீக்கிரம் காட்டுவதற்கு அது இன்னொரு காரணம், அவ்வளவுதான்.

முதல் வேலை காது பரிசோதனை. கதவு படார் என்று சாத்தினால் திரும்பிப் பார்க்கிறான் என்பது போதாது. ஸ, ஷ போன்ற மெல்லிய உயர் ஒலிகள் மட்டும் எட்டாத குழந்தையும் கதவுச் சத்தத்துக்குத் திரும்பும். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் தேங்கினாலும் கேட்பது மங்கும். நாக்கில் வசம்பையோ தேனையோ தடவுவதால் பேச்சு வராது. ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது ஆபத்தும்கூட. நாக்கின் அடியில் உள்ள சவ்வை வெட்டிவிட்டால் பேசிவிடுவான் என்று நம்பி வருவோரும் உண்டு. சொற்களைப் புரிந்துகொள்வதற்கும் அந்தச் சவ்வுக்கும் தொடர்பே இல்லை.

காது சரியாக இருக்கிறது, ஆட்டிசம் இல்லை, அறிவுத்திறன் குறைபாடும் இல்லை, ஆனாலும் மொழி பிடிபடவில்லை என்றால் அது வளர்ச்சிசார் மொழிக் கோளாறாக (Developmental Language Disorder) இருக்கலாம். பல பெயர்களில் வழங்கிய இதற்கு இந்த ஒரே பெயர் போதும் என்று பிரிட்டன் உளவியலாளர் டோரதி பிஷப் தலைமையில் கூடிய வல்லுநர் குழு 2017இல் முடிவுசெய்தது. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தி 1997இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 7 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகக் கண்டது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு, மூன்று பேர். அப்படிக் கண்டறியப்பட்ட குழந்தைகளில் 29 சதவீதத்தினரின் பெற்றோரிடம்தான், குழந்தைக்குப் பேச்சிலோ மொழியிலோ சிக்கல் இருப்பதாக அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தார்கள்.

மற்ற குழந்தைகள் எப்படி யார் கண்ணிலும் படாமல் போகிறார்கள்? பேசுகிறார்களே! ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே என் அறைக்குள் வந்தான். பொம்மைகளைக் கொடுத்து, "பூனை நாயைத் துரத்துகிறது, செய்து காட்டு" என்றேன். காட்டினான். "பூனையை நாய் துரத்துகிறது" என்றேன். மறுபடியும் பூனையே நாயைத் துரத்துவதுபோல் காட்டினான். முதலில் எந்தப் பெயர் காதில் விழுகிறதோ அதுதான் துரத்தும் என்பது அவன் கணக்கு. 'ஐ' என்ற வேற்றுமை உருபு அவன் காதில் விழுந்தும் பொருள் தரவில்லை. இதே பிள்ளை பள்ளியில் "நோட்டை மூடுவதற்கு முன் தேதியை எழுது" என்றால் நோட்டை மூடிவிடுவான். கவனமில்லை, சோம்பேறி என்று டைரியில் குறிப்பு வரும். கூட்டல் தெரிந்தும் வாக்கியக் கணக்கில் பூஜ்யம் வாங்குவான். அடி வாங்குவதும் உண்டு என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

வீட்டில் தமிழை விட்டு ஆங்கிலம் பேசச் சொல்லும் பள்ளிகள் இப்போது பெருகிவிட்டன. இரண்டு மொழி கேட்பதால் இந்தக் கோளாறு வருவதில்லை, ஒன்றை நிறுத்துவதால் போவதும் இல்லை. தாத்தாவோடு பேசும் பேச்சு போவதுதான் மிச்சம்.

தனியார் மையத்துக்குச் செலவழிக்க முடியாதவர்கள் அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தை (DEIC) அணுகலாம். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் 18 வயது வரை அங்கே பார்க்கிறார்கள். எங்கே போனாலும், குழந்தை வீட்டில் விளையாடுவதை இரண்டு நிமிடம் செல்பேசியில் படம்பிடித்துக் கொண்டுபோங்கள். புது முகத்தைப் பார்த்ததும் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகள் நிறைய. அந்த வீடியோ இருந்தால் எங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி.