முழுகி எழுந்த பின் காதிலும் மூக்கிலும் தங்கும் தண்ணீர்

வாடைக்காற்று ஓய்ந்து, ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்கள்தான் திருகோணமலையில் நீச்சலுக்கான காலம். உப்புவெளியில் இறங்கிக் குளிப்பவர்கள், புறாத்தீவில் ஸ்நோர்கல் போட்டு முருகைக்கல் பார்ப்பவர்கள், இறங்குதுறையிலிருந்து குதிக்கும் பெடியள் என்று பலருக்கும் கரையேறியதும் ஒரே முறைப்பாடு: "காது அடைச்சிருக்கு." ஆனால் அந்த அடைப்பு மூன்று வெவ்வேறு இடங்களில் இருக்கலாம். செவிப்பறைக்கு வெளியே உள்ள காதுக்குழாய் ஒன்று. செவிப்பறைக்குப் பின்னால் உள்ள நடுக்காது இரண்டாவது. கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறை மூன்றாவது. ஓரிடத்துக்கான வைத்தியம் மற்ற இடத்துக்கு உதவாது, சில வேளை கெடுதலும் செய்யும். அதனால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதை முதலில் கண்டுகொள்ள வேண்டும்.

தலையைச் சாய்க்கும்போது உள்ளே ஏதோ அசைவதும் "கொளக்" என்று கேட்பதும் வெளிக்குழாய்த் தண்ணீரின் அடையாளம். தலையை எப்படித் திருப்பினாலும் மாறாத, அசைவே இல்லாத அடைப்பு என்றால் குறும்பி ஊறியிருக்கலாம், அல்லது நடுக்காதில் அழுத்தம் சமப்படாமல் இருக்கலாம். குனியும்போது கன்னமும் நெற்றியும் பாரமாகி, மூக்கிலிருந்து உப்புத்தண்ணீர் திடீரென்று கொட்டினால் அது சைனஸ்.

பெரியவர்களின் காதுக்குழாய் ஏறக்குறைய 2.5 சென்ரிமீற்றர் நீளம், 7 மில்லிமீற்றர் அகலம். அது நேரான துளை அல்ல, மெல்ல வளைந்து செல்வது. வெளிப்புற மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு, மீதி எலும்பு. நடுவில் ஓர் இடுக்கு உண்டு. அதைத் தாண்டிய பின் செவிப்பறை சரிவாக நிற்பதால், அதன் கீழ் முன்மூலையில் ஒரு சிறு பள்ளம் விழுகிறது. கடைசித் துளி தங்குவது பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில்தான்.

தலையைச் சரித்தவுடன் அது ஏன் தானாக ஒழுகிவிடுவதில்லை? செவ்விளநீரில் ஸ்ட்ரோவை அமிழ்த்தி, மேல் வாயைப் பெருவிரலால் பொத்தித் தூக்கினால், கீழ்வாய் திறந்திருந்தும் இளநீர் கொட்டாது. மேலே காற்று நுழைய வழியில்லை, கீழேயுள்ள நீர்ப்பரப்பை மேற்பரப்பிழுவிசை (நீரின் மேற்பரப்பைத் தோல்போல் இறுக்கி வைக்கும் விசை) உடையாமல் தாங்குகிறது. காதில் பெருவிரலின் வேலையைச் செவிப்பறை செய்கிறது. இப்படி ஒரு பக்கம் மூடிய குழாயில், வாயின் விட்டம் ஒரு சென்ரிமீற்றர் அளவைத் தாண்டினால்தான் நீர்ப்பரப்பு நிலைகுலைந்து, காற்று ஒரு பக்கத்தால் ஏற, தண்ணீர் மறுபக்கத்தால் இறங்கும். காதுக்குழாய் அந்த எல்லைக்குள் அடங்கிவிடுவதால், முழுதாக நிரம்பிய காதை நிலத்தைப் பார்க்க நேராகக் கவிழ்த்தாலும் தண்ணீர் தொங்கிக்கொண்டு நிற்கலாம். குழந்தைகளின் குழாய் இன்னும் ஒடுக்கம், அங்கே பிடி இன்னும் இறுக்கம்.

ஆகவே செய்ய வேண்டியது தண்ணீரை உதறுவதல்ல, அதன் பக்கமாகக் காற்று நுழைய வழிவிடுவது. அடைத்த காது கீழே வரும்படி தலையைத் தோளுக்குச் சாய்த்து, காதுமடலைப் பின்னோக்கி மேலே இழுத்தால் வெளிப்புற வளைவு நிமிரும். சிறு குழந்தைக்கு மடலைப் பின்னோக்கிக் கீழே இழுக்க வேண்டும். இழுத்தபடியே காதுவாசலுக்கு முன்னால் இருக்கும் சிறு குருத்தை விரலால் மெல்ல அசையுங்கள். வாயை அகலத் திறந்து மூடுங்கள், அல்லது எதையாவது மெல்லுங்கள். தாடைமூட்டு காதுக்குழாயின் முன்சுவரை ஒட்டியே இருப்பதால், ஒவ்வொரு மெல்லலிலும் குழாயின் வடிவம் சற்று மாறும், நீர்ப்பரப்பு குலையும். இதற்கு அரை நிமிடம் போதாது. கடற்கரையிலேயே துவாயை விரித்து அந்தப் பக்கம் ஒருக்களித்து ஐந்து, பத்து நிமிடம் படுத்தால், சூடான நீர் சொட்டுச் சொட்டாகத் துவாயில் இறங்குவதை உணரலாம். உள்ளங்கையைக் குழித்துக் காதில் பொத்தி, மெதுவாக அழுத்தி விடுவதும் உதவும். அதை மெதுவாகச் செய்ய வேண்டும், ஓங்கி அடித்தால் செவிப்பறை கிழியக்கூடும்.

ஒற்றைக்காலில் நின்று தலையை உலுக்குவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். பெரியவர்கள் இலேசாகச் செய்தால் பாதகமில்லை. குழந்தையின் தலையைப் பிடித்து உலுக்கவே கூடாது. 2019இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தையும் வேர்ஜீனியா டெக்கையும் சேர்ந்த ஆய்வாளர்கள், காதுக்குழாயைப் போன்ற குழாய்களில் தண்ணீரை விட்டுச் சோதித்தார்கள். குழந்தையின் காதளவு ஒடுங்கிய குழாயிலிருந்து தண்ணீரை உலுக்கி எடுக்க, புவியீர்ப்பைப் போல் பத்து மடங்கு முடுக்கம் தேவைப்பட்டது. பிஞ்சு மூளைக்கு அது ஆபத்தான அளவு. அதே ஆய்வாளர்கள், வினாகிரி, அல்ககோல் போன்ற, மேற்பரப்பிழுவிசை குறைந்த ஒன்றின் சில துளிகள் அந்த வேலையை விசையே இல்லாமல் செய்யும் என்றும் சொன்னார்கள்.

அந்தத் துளிமருந்தை வீட்டிலேயே கலக்கலாம். நிறமற்ற வெள்ளை வினாகிரி ஒரு பங்கு, பாமசியில் வாங்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் அல்ககோல் ஒரு பங்கு. தென்னங்கள்ளு வினாகிரி வேண்டாம், அதில் மண்டி இருக்கும். சுத்தமான துளிப்போத்தலில் கலந்து, சட்டைப்பையிலோ உள்ளங்கையிலோ சில நிமிடம் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை. குளிர்ந்த திரவம் காதுக்குள் போனால் உட்காதில் சமநிலையை உணரும் அரைவட்டக் கால்வாயில் உள்ள திரவம் ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்து நகரும், தலை சுற்றும், வாந்தி வரும். சமநிலை உறுப்பைப் பற்றிய இந்த உண்மைகளைத் துலக்கியதற்காகவே 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு றொபேட் பாராணிக்குக் கிடைத்தது.

அடைத்த காது மேலே வரும்படி படுத்து நாலைந்து துளி விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, மறுபக்கம் திரும்பித் துவாயில் ஒழுக விட வேண்டும். கலவையின் மேற்பரப்பிழுவிசை வெறும் தண்ணீருடையதில் பாதிக்கும் குறைவு. அது சிக்கிய துளியோடு கலந்ததும் பிடி தளர்கிறது. அல்ககோல் மிச்ச ஈரத்தையும் கூட்டிக்கொண்டு ஆவியாகும். வினாகிரியின் வேலை வேறு: காதுத்தோல் இயல்பிலேயே இலேசான அமிலத்தன்மை உடையது, நெடுநேரம் ஊறினால் அது போய்விடும். அதை மீட்டு, கிருமி வளர விடாமல் தடுப்பது அசற்றிக் அமிலம். ஆனால் செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள், செவிப்பறையில் சிறு செயற்கைக் குழாய் வைத்த பிள்ளைகள், காதில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், ஏற்கெனவே நோவோ சீழோ உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. நடுக்காதுக்குள் போனால் கடும் எரிவும் பாதிப்பும் உண்டாகும்.

ஹெயார் டிறையர் இருந்தால், மிகக் குறைந்த சூட்டில், காதிலிருந்து ஓர் அடி தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே உலர்த்தலாம். ஐதரசன் பேரொட்சைட்டு குறும்பியை இளக்குவதற்கானது, தண்ணீரை எடுக்காது.

கொட்டன் பட்ஸ் போடும் பழக்கத்தை விடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காதுக் குறும்பி அழுக்கல்ல, நீர் ஒட்டாத கொழுப்புப் படலம். தோலை நனைய விடாமல் காப்பதே அதன் தொழில். பட்ஸ் அந்தப் படலத்தைத் துடைத்தெடுக்கிறது, மிச்சத்தை இடுக்குக்கு அப்பால் தள்ளி அடைக்கிறது, ஊறி மென்மையான தோலில் கீறலும் போடுகிறது. பட்ஸ், சட்டைப்பின், சாவி எல்லாம் ஒரே கணக்குத்தான். தள்ளப்பட்ட குறும்பி தண்ணீர் பட்டதும் ஊதிக் குழாயை முழுதாக மூடிவிடும். ஒரு நாள் கழிந்தும் அசையாமல் நிற்கும் அடைப்புக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அதை டொக்டர் கழுவியோ உறிஞ்சியோ எடுப்பார், சில நிமிட வேலை.

நல்லெண்ணெய் காய்ச்சி விடுவதும் அப்படித்தான். எண்ணெய் தண்ணீரோடு கலக்காது. மேலே மூடிபோல் நின்று, கீழே ஈரத்தை அடைத்து வைக்கும். நம்மூர் வெக்கையில் பூஞ்சணம் பிடிக்க அது போதும். மேற்கத்தைய நாட்டுக் குறிப்புகளில் எச்சரிக்கும் காதெலும்பு வளர்ச்சி குளிர்கடலில் ஆண்டுக்கணக்கில் அலைச்சறுக்குபவர்களுக்கு வருவது. திருகோணமலைக் கடல் ஆண்டு முழுதும் வெதுவெதுப்பாகவே இருப்பதால் இங்கே கவலைப்பட வேண்டியது கிருமிக்கும் பூஞ்சணத்துக்குமே. கடும் மழைக்குப் பின் ஒன்றிரண்டு நாள் கடலில் தலையை முழுகாதிருப்பதும் நல்லது. மகாவலி கலக்கும் கொட்டியாரக்குடாப் பக்கமும் வாய்க்கால்கள் விழும் இடங்களும் அப்போது ஊர்க்கழிவைச் சுமந்திருக்கும்.

செவிப்பறை முழுதாக இருந்தால், வெளியே இருந்து நடுக்காதுக்குத் தண்ணீர் போக முடியாது. புறாத்தீவில் சுழியோடி எழுந்தபின் வரும் அடைப்பு பெரும்பாலும் அழுத்தத்தால் வருவது. ஒவ்வொரு மீற்றர் ஆழத்துக்கும் வளியமுக்கத்தில் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. நடுக்காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் ஊத்தேக்கியாவின் குழாய் திறந்து அதை ஈடுசெய்யாவிட்டால், செவிப்பறை உள்ளே வளைந்து இழுபடும். ஒன்றிரண்டு மீற்றரிலேயே நோவு தொடங்கும். கீழே போகும்போது நோவு வருவதற்கு முன்பே, ஒவ்வொரு அரை மீற்றருக்கும் மூக்கைப் பொத்தி மெல்ல ஊத வேண்டும். ஊதியும் காது திறக்காவிட்டால் சற்று மேலே வந்து மறுபடி பார்க்க வேண்டும். கரையேறிய பின் அடைத்திருந்தால் மூக்கைப் பொத்தியபடி விழுங்குவது, கொட்டாவி விடுவது போதும். பலங்கொண்டு ஊதினால் உட்காதின் மெல்லிய சவ்வு கிழியலாம். தடிமனோடு சுழியோடுவது இந்தச் சிக்கலைத் தேடிப்போவதாகும்.

சைனஸுக்கு வருவோம். 3 மீற்றர் உயர இறங்குதுறையிலிருந்து கால் முன்னாகக் குதித்தால் தண்ணீரைத் தொடும்போது வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 7.7 மீற்றர். அந்தக் கணத்தில் நாசித்துவாரத்தில் மோதும் அழுத்தம், 3 மீற்றர் ஆழத்தில் உள்ள அழுத்தத்துக்குச் சமம். மூக்கைப் பொத்தாமலும், மூக்கால் மூச்சை வெளியே விடாமலும் குதித்தால் தண்ணீர் மேலே ஏறுவது இதனால்தான்.

கன்னச் சைனஸ் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 மில்லிலீற்றர் கொள்ளும். அதன் வாசல் சில மில்லிமீற்றர் அகலம்தான், அதுவும் மூக்குப் பக்கச் சுவரில் மேலே இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும்வரை உள்ளே போன தண்ணீர் அடியில் கிடக்கும். மணிக்கணக்கு கழிந்து செருப்பு மாட்டக் குனியும்போது கொட்டுவதன் இரகசியம் இதுதான். வாசல் அடிப்பக்கம் வரும்படி தலையை வைக்க வேண்டும். வலக் கன்னம் பாரமென்றால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். அல்லது முழங்காலிட்டு உச்சந்தலை நிலத்தைத் தொடக் குனிந்து, முகத்தை ஒரு பக்கமும் மறுபக்கமும் மெல்லத் திருப்புங்கள். பின் ஒவ்வொரு நாசியாக, மற்றதை இலேசாகப் பொத்தி மெல்லச் சிந்துங்கள். இரண்டையும் இறுக்கிச் சிந்தினால் சளி நடுக்காதுக்கே தள்ளப்படும்.

கடல்நீரில் லீற்றருக்கு 35 கிராமுக்குச் சற்றுக் குறைய உப்பு, உடற்திரவத்தில் 9 கிராம் அளவு. அந்த வித்தியாசம் மூக்குச்சவ்விலிருந்து நீரை இழுப்பதால் எரிவும் ஒழுக்கும் வருகின்றன. அடைப்பு மாறாவிட்டால் சமவுப்பு நீரால் கழுவலாம்: ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் 250 மில்லிலீற்றர், அயடீன் சேராத உப்பு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைய, அப்பச்சோடா ஒரு சிட்டிகை. தொட்டிமேல் குனிந்து தலையைச் சரித்து, வாயால் மூச்சுவிட்டபடி மேல் நாசியில் மெல்ல ஊற்றினால் கீழ் நாசியால் வரும்.

கொதிக்கவைப்பதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா என்ற அமீபா மூக்கின் வழியே மட்டுமே மூளையைத் தாக்கும். வருவது மிக அரிது, வந்தால் பிழைப்பது அதைவிட அரிது. கடல்நீரில் அது வாழாது, குடித்தால் தொற்றாது. வெந்நீரூற்றுகளின் சூடு அதற்கு ஏற்றது. ஆகவே கன்னியாவின் ஏழு கிணற்று நீரைத் தலையில் வார்க்கும்போது மூக்கால் உறிஞ்சாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மூக்குக் கழுவ அந்த நீரை எடுக்கவும் வேண்டாம். வெதுவெதுப்பான எந்த நன்னீருக்கும் பொருந்தும் முன்னெச்சரிக்கை இது. நன்னீர் மூக்கில் ஏறி இரு வாரத்துக்குள் கடும் தலையிடி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போய், குளித்த விபரத்தையும் சொல்ல வேண்டும்.

காதுக்குழாய் அழற்சி முதலில் அரிப்பாகத் தொடங்கும். காதுவாசல் குருத்தை அழுத்தினாலோ மடலை இழுத்தாலோ நோகும், பிறகு நீரோ சீழோ வடியும். சூடோமோனாசு என்ற பற்றீரியா இதற்கு முதற்காரணம். கறுத்த புள்ளிகளோடு ஈரக் கடதாசி போன்ற படை தெரிந்தால் பூஞ்சணம். அதற்கு அன்ரிபயோற்றிக் துளி விட்டால் இன்னும் பெருகும், எனவே காதைப் பார்க்காமல் மருந்து வாங்கக் கூடாது. நீரிழிவுக்காரர் காதுநோவை ஒரு நாள்கூட வைத்துப் பார்க்க வேண்டாம், தொற்று எலும்புக்குள் இறங்கக்கூடும். மருந்து தொடங்கியபின் ஏழு முதல் பத்து நாள் கடலுக்கு விடுமுறை. தலைக்கு வார்க்கும்போது வாசலீன் தடவிய பஞ்சைக் காதுவாசலில் மட்டும் வைத்து, குளித்து முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.