காது அடைப்புக்கு வந்தவரின் முழங்கை வலி

போன வருஷம் ஆனித் தேரோட்டத்துக்கு முந்தின வாரம், பாளையங்கோட்டையில் என் கிளினிக்குக்கு ஓர் இளைஞர் அம்மாவோடு வந்தார். ஸ்காட்லாந்தில் வேலை, தேர் பார்க்க ஊருக்கு வந்திருக்கிறார். இடது காது அடைத்திருக்கிறதாம். நான் காது மூக்கு தொண்டை மருத்துவர். பார்த்தேன், செவிப்பறை லேசாகச் சிவந்திருந்தது. விமானத்தில் வருபவர்களிடம் அடிக்கடி பார்ப்பதுதான். மருந்து எழுதும்போது அம்மா சொன்னார்: "சார், இவனுக்கு முழங்கையும் வலிக்கி. பெட்டி தூக்கினதுல சுளுக்கியிருக்கும்னு காயத்திருமேனி தேச்சேன், கேக்கல."

முழங்கையில் வீக்கம் இல்லை. அழுத்தினாலும் மடக்கினாலும் வலி கூடவில்லை. உள்ளே எங்கேயோ குடைகிறது என்றார். "ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி எங்க போயிருந்தீங்க தம்பி?" என்று கேட்டேன்.

"டைவிங் டாக்டர். ஒரு வாரம்."

பி.பி. பட்டையை முழங்கை மூட்டின் மேலேயே சுற்றிக் காற்றடித்தேன். வலி குறைந்தது. காற்றை விட்டதும் திரும்ப வந்தது. சுளுக்கு இப்படி நடந்துகொள்ளாது. (குறையாவிட்டால் பயமில்லை என்று இதற்கு அர்த்தமில்லை.)

அவர் போனது ஆர்க்னித் தீவுகளில் உள்ள ஸ்காபா ஃப்ளோ. முதல் உலகப் போர் முடிந்து அங்கே நிறுத்திவைத்திருந்த தங்கள் போர்க்கப்பல்களை ஜெர்மன் மாலுமிகளே 1919 ஜூன் 21 அன்று மூழ்கடித்தார்கள். மூழ்கிய 52-இல் பெரும்பாலானவற்றைப் பிறகு தூக்கிவிட்டார்கள். ஏழு இன்னும் அடியில் கிடக்கின்றன. அதில் மார்க்கிராஃப் என்ற பெரிய கப்பல் சுமார் 45 மீட்டர் ஆழத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. "பக்கவாட்டுல இறங்கினா சுவர் மாதிரி போய்க்கிட்டே இருக்கும் டாக்டர்" என்றபோது வலியையே மறந்துவிட்டார். ஜூனிலும் தண்ணீர் 10, 11 டிகிரிதான். குளிர் என்றால் குற்றாலம் என்று நினைக்கிற ஊர் நம்முடையது.

ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 40 மீட்டரில் ஐந்து மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்துவிடும். நின்று நின்று ஏறினால் நுரையீரல் வழியாக மெதுவாக வெளியேறும். அவசரப்பட்டால் கோலி சோடாவில் கோலியைத் தட்டிய கதைதான். மூட்டில், தோலில், சில நேரம் தண்டுவடத்தில் குமிழி கிளம்பும்.

குளிர் இதை இன்னும் கெடுக்கிறது. இறங்கும்போது உடம்பு சூடாக இருக்கிறது, நைட்ரஜன் தாராளமாக உள்ளே போகிறது. ஏறும் வழியில் விறைத்துப்போய்க் காத்திருக்கும்போது கை கால் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. உள்ளே போனது வெளியே வர முரண்டு பிடிக்கிறது. போதாததற்குக் குளிர்ந்த நீரில் சிறுநீர் அதிகம் பிரியும், உடம்பு வறண்டுபோகும். படகேறியதும் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் நின்றாராம். சூடேறினால் கரைந்த வாயு குமிழியாவது இன்னும் சுலபம். அந்த ஆசையைக் கொஞ்ச நேரம் அடக்கத்தான் வேண்டும்.

அதுகூடப் போகட்டும். கடைசி டைவ் முடிந்து 14 மணி நேரத்தில் விமானம் ஏறியிருக்கிறார். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல. ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் பொறுக்கச் சொல்கிறார்கள். இவரைப் போல நின்று நின்று ஏறவேண்டிய ஆழ டைவ் என்றால் நான் ஒரு முழு நாளுக்குக் குறைத்துச் சொல்வதில்லை. விமானம் மட்டுமில்லை, தூத்துக்குடிக் கடலில் முங்கிவிட்டு அன்றைக்கே மாஞ்சோலைக்கு வண்டி ஏறினாலும் ஆபத்துதான். அது 1,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது.

கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு சங்கு குளிக்கப் போகும் அண்ணாச்சி ஒருவர் இதே வலியோடு என்னிடம் வந்தார். "மறுபடி முங்கினா விட்ரும் சார்" என்றார். விடும், பொய்யில்லை. அழுத்தத்தில் குமிழி சுருங்கும். ஆனால் இன்னும் நைட்ரஜனை ஏற்றிக்கொண்டு மேலே வருவீர்கள், அடுத்த தடவை கால்கூட மரத்துப்போகலாம். டைவுக்குப் பிறகு கால் மரத்தாலோ, சிறுநீர் வராவிட்டாலோ, தலை சுற்றினாலோ விடியட்டும் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். படுக்கவைத்து முகமூடியில் முழு ஆக்சிஜன், பிறகு, காற்றழுத்தத்தைக் கூட்டி ஆக்சிஜன் கொடுக்கும் அழுத்த அறை உள்ள மருத்துவமனை. எந்த டாக்டரைப் பார்த்தாலும், கேட்காவிட்டாலும், கடலுக்குள் போனதை முதலில் சொல்லுங்கள். முழங்கையைக் காட்டுபவரிடம் எந்த டாக்டருக்கும் கடல் ஞாபகம் வராது.

தம்பியை ஆக்சிஜன் வைத்தே ஆம்புலன்ஸில் கேரளத்துக்கு அனுப்பினேன். டிரைவர் செங்கோட்டை வழி என்றார். மலை ஏறவேண்டாம், ஆரல்வாய்மொழி வழியாகப் போங்கள் என்றேன். அழுத்த அறையில் முதல் தடவை ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வலி போய்விட்டது. தேரைத்தான் பார்க்கவில்லை.

இந்த வருஷம் டைவிங் தகுதிச் சான்று ஃபாரத்தோடு வந்து நிற்கிறார். இதயத்தில் பிறவி ஓட்டை ஏதும் இருந்தால் குமிழி நுரையீரலுக்குப் போகாமல் அந்த வழியாகத் தாண்டிவிடும்; அதனால் எக்கோ பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். ஃபாரம் என் மேசை டிராயரில் இருக்கிறது, கையெழுத்து இல்லாமல்.