கோப்பு – சொல் விளக்கம்

பைதான் என்ற நிரல்மொழியைப் பழகுகிறவர்கள் சீக்கிரமே ஒரு பிழைச் செய்தியைச் சந்திப்பார்கள்: எர்னோ 2 (பிழை எண் 2), அதாவது அப்படி ஒரு கோப்போ அடைவோ (கோப்புறையோ) இல்லை. கோப்பு கண்ணெதிரே இருக்கும். நிரலோ இல்லவே இல்லை என்று சாதிக்கும். அந்த வழக்கை அப்புறம் தீர்க்கலாம், முதலில் சொல்லைப் பார்ப்போம்.

'கோ' என்பது வினையடி. ஊசியில் நூல் கோக்கிறோம், மணி கோக்கிறோம், கைகோத்து நடக்கிறோம். (கோர்த்து என்பது பேச்சில் நுழைந்த வடிவம், இலக்கணப்படி கோத்துதான்.) படி என்பது படிப்பு ஆவதுபோல் கோ கோப்பு ஆயிற்று. பாடல்களை வரிசையாகக் கோத்த சிற்றிலக்கியத்துக்குக் கோவை என்று பெயர் வந்ததும் இதே வேரிலிருந்துதான்.

ஆங்கில ஃபைலின் கதையும் நூலில்தான் தொடங்குகிறது. லத்தீனில் ஃபீலும் என்றால் நூல். தாள்களைக் கயிற்றிலோ கம்பியிலோ குத்திக் கோத்து வைத்த வழக்கத்தால் அந்தச் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ஆவணக்கட்டைக் குறித்தது. ஆக, கோப்பு என்பது ஒப்புக்குச் செய்த மொழிபெயர்ப்பு அல்ல. இரண்டு சொற்களுக்குள்ளும் ஒரே காட்சி இருக்கிறது. இரும்பைத் தேய்க்கும் அரத்துக்கும் ஆங்கிலத்தில் அதே எழுத்துக்கூட்டல்தான், ஆனால் அது வேறு வேர்.

சிலர் ஃபைலுக்கு 'ஆவணம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாட்டும் படமும் ஆவணமாக இல்லாமலே கோப்பாக இருக்க முடியும்.

கணினிக்கு வந்த பிறகும் கோப்பு என்ற பெயர் நன்றாகவே பொருந்துகிறது. கோப்பு என்பது வரிசையாகக் கோத்த பைட்டுகள், அவ்வளவே. வட்டில் அதன் துண்டுகள் அங்கங்கே சிதறிக் கிடக்கலாம். எதற்குப் பின் எது என்ற நூலைக் கோப்பு முறைமை பிடித்து வைத்திருக்கும்.

சரி, இப்போது பிழைகள். எர்னோ 2 வந்தால் நடப்பு அடைவு, அதாவது நிரல் இப்போது வேலை செய்யும் கோப்புறை, எது என்று நிரலையே அச்சிடச் சொல்லுங்கள். வெறும் பெயரை மட்டும் கொடுத்தால், பைதான் அதை நிரல் இருக்கும் இடத்தில் தேடாது. நடப்பு அடைவில்தான் தேடும். பெரும்பாலும் வழக்கு இங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால், விண்டோஸ் கோப்புப் பெயரின் பின்னொட்டை மறைத்திருக்கிறதா பாருங்கள். டிஎக்ஸ்டி என்ற பின்னொட்டு இரண்டு முறை ஒட்டிக்கொண்டிருக்கலாம். பாதையில் பின்சாய்கோட்டை (\) அடுத்து ஆங்கில 'என்' எழுத்து வந்தால் பைதான் அதைப் புதுவரி என்று படித்துவிடும் என்பதும் பலரை அலைக்கழித்த விஷயம்.

ஒரு கோப்பை முழுக்கப் படித்துவிட்டு மறுபடி படித்தால் வெறுமைதான் வரும். கோப்பு காலியாகிவிடவில்லை, படிக்கும் இடம் நூலின் கடைசி முனையில் நிற்கிறது. தொடக்கத்துக்கு நகர்த்தினால் போதும்.

எழுதும்போதுதான் உண்மையான ஆபத்து. 'டபிள்யூ' முறையில் திறந்த அந்தக் கணமே பழைய மணிகள் எல்லாம் கொட்டிவிடும், நீங்கள் ஓர் எழுத்தும் எழுதியிருக்க வேண்டியதில்லை. கடைசியில் சேர்க்க 'ஏ' முறை. ஏற்கெனவே இருந்தால் தொடாமல் பிழை காட்ட 'எக்ஸ்' முறை. எழுதியும் கோப்பு காலியாக இருக்கிறதா? எழுதியவை இன்னும் இடையகத்தில், அதாவது பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்தில், நிற்கின்றன. மூடினால்தான் முடிச்சு விழும். 'வித்' என்று தொடங்கித் திறந்தால் மூடும் வேலையைப் பைதானே பார்த்துக்கொள்ளும்.

தமிழ் உரை என்றால் இன்னொரு தொல்லை. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 குறிமுறையில் 'அ' 3 பைட்டுகள். 'கு' போன்ற உயிர்மெய் 6. விண்டோஸில் பல பைதான் பதிப்புகள், குறிமுறையைச் சொல்லாவிட்டால், கணினியின் பழைய குறிப்பக்கத்தை, அதாவது பழைய எழுத்து அட்டவணையை, எடுத்துக்கொள்ளும். அப்போது பிழை வரும், அல்லது தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகள் வரும். படிக்கும்போதும் எழுதும்போதும் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

கோப்புறை என்பது கோப்பு + உறை, ஃபோல்டர். இந்த வேறுபாட்டை மறந்து விண்டோஸில் கோப்புறையின் பாதையைத் திறக்கச் சொன்னால், 'இது கோப்பு அல்ல' என்ற நேரான பதில் கிடைக்காது. எர்னோ 13, அனுமதி மறுப்பு என்று வரும். அனுமதிகளை நோண்டுவதற்கு முன், பாதையின் கடைசியில் கோப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.