அக்கி காய்ந்துவிட்டது, கை ஏன் மேலே போகவில்லை?

அக்கி வந்தவர்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 3 முதல் 5 பேருக்குத் தசை பலவீனமும் வருகிறது. வலியை மட்டுமே எதிர்பார்க்கும் வீட்டில் இது தப்பிவிடும். "வலிக்குது, அதான் தூக்கல" என்று நோயாளியே சொல்வார்.

அக்கிக்குக் காரணமான சின்னம்மை வைரஸ், முதுகுத்தண்டை ஒட்டிய உணர்வு நரம்பு முடிச்சில் பல பத்தாண்டுகள் பதுங்கியிருக்கும். முதுமை, புற்றுநோய் சிகிச்சை, ஸ்டீராய்டு, எச்.ஐ.வி. என்று எதனாலோ எதிர்ப்புச் சக்தி தளர்ந்தால் கிளம்பும். தோலுக்கு இறங்கினால் கொப்புளம். பக்கத்திலேயே இருக்கும் இயக்க நரம்பு வேருக்குப் பரவினால் பலவீனம். கழுத்து, தோளில் கொப்புளம் என்றால் தோள் தசைகளும், தொடையில் என்றால் பெரும்பாலும் தொடைத் தசைகளும் தளர்வது இதனால்தான்.

அந்த 3–5 கொஞ்சம் ஏமாற்றும் எண். அக்கி அதிகம் வருவது மார்பிலும் முதுகிலும். அங்கே விலாவுக்கு இடையே ஒரு தசை சோர்ந்தால் யாருக்குத் தெரியும்? அடிவயிற்றில் பட்டையாக வந்து வயிறு ஒரு பக்கம் புடைத்தால், குடலிறக்கம் என்று அறுவை சிகிச்சை வரை பேச்சு போகும். கை, காலில் அக்கி வந்தவர்களை மட்டும் எண்ணினால் விகிதம் கூடும்.

பலவீனம் பெரும்பாலும் கொப்புளம் வந்து 2, 3 வாரத்துக்குள் தெரியும். அதாவது பொருக்கு உதிர்ந்து "சரியாயிடுச்சு" என்று நினைக்கும் நேரத்தில். கொடியில் சட்டை போட, தலை வார, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். காலில் வந்திருந்தால் மாடிப்படியில் முழங்கால் மடிகிறதா, செருப்பு தானாகக் கழன்று விழுகிறதா? வலி மாத்திரை வேலை செய்யும் நேரத்திலும் முடியவில்லை என்றால், அது வெறும் வலியல்ல, பலவீனமாக இருக்கலாம்.

தசையின் மின் இயக்கத்தைப் பார்க்கும் இ.எம்.ஜி. சோதனையை முதல் வாரமே எடுத்து "நார்மல்" என்று நிம்மதி அடைவது வழக்கமான தவறு. நரம்பறுந்த தசையின் அடையாளங்கள் அதில் தெரிய 2, 3 வாரம் ஆகும்.

முகம் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கையும் காலும் சேர்ந்து விழுதல், இரண்டு காலும் தளர்தல், சிறுநீர் அடைப்பு: இவற்றில் எது வந்தாலும் உடனே 108. இதே வைரஸ் மூளை ரத்தக் குழாயையும் தண்டுவடத்தையும் தாக்கக்கூடியது.

சென்னையில் இன்னும் முதல் மூன்று நாள், காவி மண்ணைக் குழைத்துப் பூசும் அக்கி எழுதுவதிலேயே போய்விடுகிறது. காவி நரம்புக்குள் இறங்காது. உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கும். கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்க வேண்டும். வழக்கமான அளவு, அசைக்ளோவிர் 800 மி.கி. நாளுக்கு 5 வேளை, 7 நாள். அல்லது வாலசைக்ளோவிர் 1 கிராம் 3 வேளை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்காவிட்டால் புத்தி குழம்பும். ஆகவே மருந்துக்கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் மருந்தல்ல இது. தடவும் களிம்பு இதற்கு ஈடாகாது. மாத்திரை எடுத்தால் பலவீனமே வராது என்றும் சொல்ல முடியாது. வைரஸ் பெருகும் நாள்கள் குறையும், அவ்வளவே.

பாதிக்கு மேற்பட்டோர் நன்றாகவே தேறுகிறார்கள். ஆனால் மாதக் கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். இதற்கிடையில் கையைக் கழுத்தில் மாட்டும் துணித் தொட்டிலிலேயே (ஸ்லிங்) போட்டுவைத்தால் தோள் இறுகிவிடும்; சர்க்கரைக்காரர்களுக்கு இன்னும் சீக்கிரம். நரம்பு திரும்பி வந்தாலும் இறுகிய தோள் அசைய விடாது. அதனால், தானாகத் தூக்க முடியாவிட்டாலும், பிசியோதெரபிஸ்ட் காட்டித் தந்தபடி வீட்டில் ஒருவர் தினமும் இரண்டு மூன்று முறை அந்தக் கையை மெல்ல எல்லாத் திசையிலும் அசைத்துவிட வேண்டும். வெடுக்கென்று இழுக்கவோ எண்ணெய் போட்டு உருவி நெட்டி முறிக்கவோ கூடாது.

50 வயது தாண்டியவர்களுக்கு அக்கித் தடுப்பூசி இந்தியாவில் கிடைக்கிறது: இரண்டு ஊசி, 2 முதல் 6 மாத இடைவெளியில். ஏற்கெனவே அக்கி வந்தவர்களும், புண் ஆறிய பிறகு, மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.