பூச்சிமருந்தா, பூச்சிக்கொல்லியா, பீடைகொல்லியா?

ஊரில் யாரும் பூச்சிக்கொல்லி அடிப்பதில்லை, மருந்துதான் அடிக்கிறார்கள். "கத்தரியில புழு விழுந்திருச்சு, மருந்தடிக்கணும்" என்பதுதான் பேச்சு. அதே ஊரில் ஒருவர் "மருந்தக் குடிச்சிட்டாரு" என்று சொன்னால் இருமல் மருந்து என்று யாரும் நினைக்க மாட்டார்கள், ஆஸ்பத்திரிக்கு வண்டி தேடி ஓடுவார்கள். அதனால், மருந்து என்று பெயர் வைத்தே விவசாயியை ஏமாற்றிவிட்டார்கள் என்று சிலர் சொல்வதை நான் பாதிதான் ஏற்பேன். வெடிமருந்து, வசிய மருந்து என்று தமிழில் அந்தச் சொல் எப்போதோ வைத்தியத்தைத் தாண்டிப் போய்விட்டது. கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது: மருந்து என்று சொல்லும்போது வைத்திய வழக்கமும் கூடவே வந்துவிடுகிறது. கேட்கவில்லையா, அளவைக் கூட்டு. பூச்சி வருவதற்கு முன்னாலேயே ஒரு தடவை அடித்து வை. நெல்லில் இப்படி முன்கூட்டியே அடிக்கும்போது புகையான் என்கிற சாறு உறிஞ்சும் பூச்சியைத் தின்கிற சிலந்திகள்தான் முதலில் சாகின்றன, அப்புறம் புகையான் முன்னைவிட அதிகமாக வருகிறது, அதற்கும் மருந்து.

ஆங்கிலத்தில் இதைப் பெஸ்டிசைட் என்கிறார்கள். அதில் 'பெஸ்ட்' லத்தீன் சொல்லான 'பெஸ்டிஸ்' என்பதிலிருந்து வந்தது. கொள்ளைநோய் என்று பொருள். 'சைட்' என்றால் கொல்வது. ஆங்கிலத்தில் இந்தக் கூட்டுச்சொல் 1930களின் கடைசியில்தான் புழக்கத்துக்கு வந்தது. டிடிடி என்ற வேதிப்பொருள் பூச்சியைக் கொல்லும் என்று சுவிஸ் வேதியியலாளர் பால் முல்லர் கண்டுபிடித்ததும் 1939இல்தான். 1962இல் அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சன், இவற்றைப் பூச்சிக்கொல்லி என்று சொல்லக் கூடாது, உயிர்க்கொல்லி என்றுதான் சொல்ல வேண்டும் என்று எழுதினார்.

தமிழுக்கு 'கொல்லி' புதிதல்ல. சினத்தைச் 'சேர்ந்தாரைக் கொல்லி' என்கிறது 306ஆம் குறள். தன்னைச் சேர்ந்தவரையே கொல்வது, அதாவது நெருப்பு. பூச்சிக்கொல்லிக்கும் இது அப்படியே பொருந்தும். ஆர்கனோபாஸ்பேட் என்ற பூச்சிக்கொல்லி வகையை எடுத்துக்கொள்ளுங்கள்: நரம்பிலிருந்து தசைக்குச் சேதி கொண்டுபோகும் அசிட்டைல்கோலினை, வேலை முடிந்ததும் உடைத்துப்போட ஒரு நொதி இருக்கிறது, அந்த நொதியை இது முடக்கிவிடும். பூச்சிக்கு இருக்கிற அதே நொதி நமக்கும் இருக்கிறது. முதுகில் மாட்டிய தெளிப்பான் கசிந்து சட்டை நனைந்தாலே போதும், தோல் வழியாக உள்ளே போய்விடும். வாயில் எச்சில் ஊறும், வேர்த்துக் கொட்டும், கண்மணி சுருங்கும், முற்றினால் மூச்சு முட்டும். எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லி வேறு வகை. கேரளத்தில் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் அதை ஹெலிகாப்டரில் வருஷக்கணக்காகத் தெளித்தார்கள், அது கீழே இருந்த வீடுகள் மேலும் நீர்நிலைகள் மேலும் விழுந்தது, உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தடை போட்டது 2011இல்.

'பால்டாயில்' என்று சினிமா காமெடியில் சிரிக்கிறோமே, அது பாரத்தியான் என்ற நஞ்சின் வணிகப் பெயரான ஃபாலிடால் நம் வாயில் மருவி வந்தது. கப்பலில் உணவுப் பொருளோடு சேர்த்து ஏற்றி வந்த அந்தப் பாரத்தியான் கசிந்து, 1958இல் கேரளத்தில் 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகு நடந்த விசாரணைகளின் தொடர்ச்சியாகத்தான் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்திலும் ஒரு குழப்பம் உண்டு. பெயர் பூச்சிக்கொல்லிச் சட்டம், ஆனால் களைக்கொல்லியும் பூஞ்சைக்கொல்லியும் அதற்குள்ளேயே அடக்கம். களை என்ன பூச்சியா? எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டுமென்றால் பீடைகொல்லிதான் சரி என்பது என் கட்சி. பீடை வடசொல்தான், துன்பம் என்று பொருள், ஆனால் "பீடை பிடிச்சவன்" என்று திட்டுகிற அளவுக்கு நம்முடையதாகிவிட்டது. பயிரைப் பிடித்த பீடை எதுவானாலும் அதில் அடங்கும். தீங்குயிர்கொல்லி என்றும் எழுதுகிறார்கள், பொருள் துல்லியம், வாயில்தான் நுழையவில்லை. இலங்கையில் பீடைநாசினி நல்ல புழக்கத்தில் இருக்கிறது. அங்கே தோட்டக்காரர்கள் கிருமிநாசினி என்றும் சொல்வார்கள், ஆனால் கொரோனாவுக்குப் பிறகு அது கையில் தடவுகிற சங்கதியாகிவிட்டது. பூச்சியை மட்டும் கொல்வதைப் பூச்சிக்கொல்லி என்றே சொல்லலாம்.

சரி, டப்பா மேல் என்ன போட்டிருக்கிறது? இந்தியாவில் சாய்சதுரக் கட்டத்துக்குள் ஒரு நிற முக்கோணம் இருக்கும். சிவப்போ மஞ்சளோ என்றால் விஷம் என்றே அச்சிட்டிருப்பார்கள், சிவப்பில் மண்டையோடும் உண்டு. நீலத்தில் அபாயம், பச்சையில் எச்சரிக்கை. கடையில் மருந்து என்று கேட்டு வாங்குகிற பொருளின் மேலேயே விஷம் என்று எழுதியிருக்கிறது! பச்சையைப் பார்த்ததும் இயற்கை மருந்து என்று நினைப்பவர்கள் நிறைய. ஆய்வக விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்த உடனடி நச்சுத்தன்மையை வைத்துத்தான் அந்த நிறத்தைத் தருகிறார்கள். தேனீக்கும் மீனுக்கும் என்ன ஆகும், வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் அந்த முக்கோணத்தில் இல்லை.