கிரெடென்ஷியல்: நற்சான்றிதழா, நுழைவுச் சான்றா?

'கிரெடென்ஷியல்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கி, 'உங்கள் நற்சான்றிதழ்களை உள்ளிடுக' என்று மென்பொருள் திரையில் எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பள்ளித் தலைமையாசிரியர்தான் நினைவுக்கு வருகிறார். 'இம்மாணவரின் நடத்தை நன்று' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுப்பாரே, தமிழில் நற்சான்றிதழ் என்றால் அது. கணினி கேட்பது அதையல்ல. நான் நல்லவனா என்ற கவலை அதற்கு இல்லை. நான் யார், எந்தக் கதவு வரைக்கும் என்னை விடலாம் என்பதே அதன் கேள்வி.

கிரெடென்ஷியல் என்ற சொல் எங்கே புழங்குகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். நிரலைத் தானாகச் சோதித்து வெளியிடும் படிவரிசைக்குப் பைப்லைன் என்று பெயர். ஜென்கின்ஸ், கிட்லேப், சர்க்கிள்சிஐ போன்ற சேவைகளில் ஓடும் பைப்லைன்களை, நிரல் சேமிப்புத் தளமான கிட்ஹபின் அதே வகைச் சேவையாகிய கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்குக் கொண்டுவர 'ஆக்‌ஷன்ஸ் இம்போர்ட்டர்' என்ற கட்டளைவரிக் கருவி (கட்டளைகளைத் தட்டச்சிட்டு இயக்குவது) உண்டு. கிட்ஹபின் கட்டளைவரி நிரலுக்கு நீட்சியாக அதை நிறுவுகிறோம். உள்ளே அது டாக்கர் கொள்கலனாக, அதாவது தனக்கு வேண்டியதையெல்லாம் உள்ளே கொண்ட தனிப் பொதியாக ஓடுகிறது. நிறுவியபின் செய்யும் முதல் வேலை, 'கான்ஃபிகர்' என்ற கட்டளையை இடுவது. எந்த இடத்திலிருந்து பெயர்க்கப் போகிறீர்கள் என்று கருவி கேட்கும். ஜென்கின்ஸைத் தேர்ந்தால் ஐந்து விவரங்கள் தர வேண்டும்: கிட்ஹபின் அணுகல் டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் காட்டும் இரகசிய எழுத்துச் சரம்), கிட்ஹபின் முகவரி, ஜென்கின்ஸ் டோக்கன், அங்குள்ள பயனர்பெயர், அதன் முகவரி. கிட்ஹப் டோக்கனுக்கு 'வொர்க்ஃப்ளோ' என்ற உரிமை இருந்தாக வேண்டும். கருவி கடைசியில், கிட்ஹபில் நம் நிரல் கோப்புகள் இருக்கும் களஞ்சியத்தில், பெயர்த்த பைப்லைனை எழுதிய பணியோட்டக் கோப்பைச் சேர்க்கும் கோரிக்கையை எழுப்பப் போகிறது. அந்த உரிமை இல்லாத டோக்கனை வைத்துக்கொண்டு அந்தக் கோப்புகளைத் தொட முடியாது.

இந்த ஐந்தில் முகவரிகள் இரண்டும் கிரெடென்ஷியல் ஆகா. அவை வீட்டு விலாசம் மட்டுமே. டோக்கன்களும் பயனர்பெயரும்தான் கிரெடென்ஷியல்.

சொல்லின் வேர் இலத்தீன். 'க்ரேதெரே' என்றால் நம்புதல். கடனைக் குறிக்கும் கிரெடிட்டும் அதே வயிற்றுப் பிள்ளைதான். திருப்பித் தருவான் என்று நம்பித்தானே கடன் கொடுக்கிறார்கள்! இந்த இலத்தீன் சொல்லுக்கும் வடமொழிச் சிரத்தாவுக்கும் மூலம் ஒன்றே என்பது மொழியியலார் ஏற்றுக்கொண்ட செய்தி. அந்தச் சிரத்தாதான் தமிழுக்கு வந்து 'சிரத்தை' ஆனது. நம்பிக்கை என்ற பொருள் நம்மிடம் தேய்ந்து, அக்கறை என்ற பொருளே மிஞ்சியது. ஆகவே கிரெடென்ஷியல் நமக்கு முழு அந்நியமும் அல்ல, தூரத்து உறவு.

கணினிக்கு வருமுன் இந்தச் சொல் தூதர்களுடையது. ஒரு நாட்டின் தூதர் புதிதாக வந்ததும், தன் நாட்டுத் தலைவர் கையெழுத்திட்ட பத்திரத்தை அங்குள்ள தலைவரிடம் நீட்டுவார். 'இவர் எம்மவர், இவர் சொல்வதை நம்புங்கள்' என்பதே அதன் சாரம். 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, தூதர் பணியேற்றதாகக் கொள்ளும் நேரத்தை இந்தப் பத்திரத்தோடு சேர்த்துத்தான் பேசுகிறது. இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் இதை 'நற்சான்றுப் பத்திரம்' என்று எழுதுகின்றன. நற்சான்று கணினிக்குள் நுழைந்ததும் இந்த வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். தூதருக்கு அது பொருந்தும், கட்டளைவரிக்குப் பொருந்தாது.

கம்பனில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. இராமன் அனுமனைத் தென்திசைக்கு அனுப்பும்போது கணையாழியை மட்டும் கொடுத்து அனுப்பவில்லை. தனக்கும் சீதைக்கும் மட்டுமே தெரிந்த செய்திகளையும் சொல்லி அனுப்புகிறான். மோதிரத்தை யாரும் திருடிவிடலாம் அல்லவா? ஜென்கின்ஸ் டோக்கனோடு பயனர்பெயரையும் கேட்பதைப் பார்த்து எனக்கு இது நினைவுக்கு வந்தது. பயனர்பெயர் ஒன்றும் இரகசியமில்லை என்பதால், ஒப்புமையை இதற்கு மேல் இழுக்கக் கூடாது.

சரி, தமிழில் எதைச் சொல்வது? பழந்தமிழில் சாட்சிக்குக் 'கரி' என்று பெயர். 'இந்திரனே சாலும் கரி' என்பது குறள். இன்று 'கரியை உள்ளிடுக' என்று எழுதினால் அடுப்புதான் கண்முன் வரும். ஆனால் அதே அடியில் உள்ள 'சாலும்' நமக்கு உதவும். சாலுதல் என்றால் போதுமானதாக, தகுதியானதாக இருத்தல். அந்த வினையிலிருந்து பிறந்ததுதான் சான்று. 'இவ்வளவு காட்டினால் போதும், உள்ளே விடலாம்' என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எது? எனவே கிரெடென்ஷியலுக்கு 'நுழைவுச் சான்று' என்பதே என் தேர்வு. இடம் தெளிவாக இருந்தால் 'சான்று' என்று சுருக்கலாம். சான்றிதழ் மட்டும் வேண்டாம். தகவலைப் பூட்டிக் காக்கும் மறையாக்கத்தில் சர்ட்டிஃபிகேட் என்று வேறொரு பொருள் இருக்கிறது. அந்தப் பெயரை அதற்கே விட்டுவைக்க வேண்டும்.

டோக்கனுக்கு 'வில்லை'. பித்தளை வில்லை அணிந்த அலுவலகச் சேவகரை முன்பு வில்லைச் சேவகர் என்றார்கள். அவர் முகம் தெரியாதவரும் வில்லையைப் பார்த்து வழிவிட்டார்கள். அணுகல் டோக்கன் செய்வதும் அதே வேலைதான். வில்லை யார் கையில் இருக்கிறதோ அவருக்கே கதவு திறக்கும் என்ற ஆபத்தும் அதில் உண்டு. தட்டச்சிடும்போது கருவி வில்லையை நட்சத்திரக் குறிகளால் மறைத்தாலும், பிறகு நாம் நிற்கும் கோப்புறையிலேயே '.என்வ்.லோக்கல்' என்ற கோப்பில் எழுதி வைக்கிறது. கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்குவதால் சட்டென்று கண்ணில் படாது. களஞ்சியத்துக்குள் நின்றுகொண்டு கட்டளையை இட்டிருந்தால், அந்தக் கோப்பு மற்றவற்றோடு களஞ்சியத்தில் பதிவேறிவிடாதபடி அதைப் புறக்கணிப்புப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஜென்கின்ஸ் தன் பைப்லைன்களுக்காகச் சேமித்து வைக்கும் கடவுச்சொற்களையும் சாவிகளையும் கிரெடென்ஷியல்ஸ் என்றே அழைக்கிறது. கிட்ஹப் அவற்றை 'சீக்ரெட்ஸ்' என்கிறது. இவற்றுக்குத் தமிழில் 'மறைபொருள்' என்று தனிச் சொல் வைப்பது நல்லது. கருவிக்கு நாம் கொடுக்கும் நுழைவுச் சான்று வேறு, பைப்லைன் தன் மடியில் கட்டி வைத்திருக்கும் மறைபொருள் வேறு. முன்னதைக் கொடுத்துவிட்டதால் பின்னதும் கூடவே பெயர்ந்து வந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. கருவி அவற்றை எடுத்து வராது. கிட்ஹபில் ஒவ்வொன்றாக நாமே உட்கார்ந்து பதிய வேண்டும்.